அலகும் ஓசையும்: யாழ்முரி முதல் கணிப்பொறி வரை

யாழில் அடங்காத பாட்டு

தியாகதுருகத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி கோட்டையாலும் போராலும் மட்டும் அறியப்படுவதற்கு உரியதன்று. கிழக்கே சுந்தரர் பிறந்த திருநாவலூர். வடக்கே கபிலர் உயிர்நீத்த இடமாகச் சொல்லப்படும் பாறையைத் தாங்கி நிற்கும் திருக்கோவலூர். தென்கிழக்கே, விருத்தாசலத்தை அடுத்து, இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் திருஎருக்கத்தம்புலியூர். இவற்றுள் இறுதியாகக் கூறிய ஊரே திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர். சம்பந்தருடன் தலந்தோறும் சென்று அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தவர் அவர். பின்னாளில் தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்து, அவற்றுக்குப் பண்ணடைவு வகுக்க வேண்டியபோது, அவர் மரபில் வந்த பெண்மணி ஒருவரே அப்பணிக்கு உரியவராகக் கொள்ளப்பட்டார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். தேவாரப் பண்களின் வரலாற்றில் ஒரு பெண் பெற்றிருந்த இவ்விடம் போதிய அளவு பேசப்படவில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லி வைக்கலாம்.

யாழ்ப்பாணரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். ஆங்கிருந்த சுற்றத்தார், சம்பந்தர் பதிகங்கள் சிறப்புறுவது யாழ்ப்பாணர் அவற்றை யாழில் வாசிப்பதனாலேயே என்று பெருமை பேசினர். அது கேட்டு மனம் நடுங்கிய யாழ்ப்பாணர், கருவியில் அடங்காத பாட்டு ஒன்றைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், நரம்பில் அஃது அடங்கவில்லை. யாழை உடைக்க ஓங்கிய கையைச் சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்கலாம் எனக் கருவியைத் திரும்பத் தந்தார். அப்பதிகத்தின் பண் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. ஓதுவார்கள் இன்று அதனை அடாணா இராகத்தில் பாடி வருகின்றனர்.

இதனை அருளின் வெளிப்பாடாகக் கொள்வது அடியார் மரபு. இசை நூலார் கண்கொண்டு நோக்குவார்க்கு இதில் வேறொரு பொருளும் புலப்படும். யாழ் என்பது நரம்பு ஒன்றுக்கு ஓரொலி என முன்னரே கட்டிவைக்கப்பட்ட கருவி. வீணையிற் போல அழுத்தி இழுப்பதற்குரிய மெட்டுகள் அதில் இல்லை. மிடறோ இரண்டு நரம்புகளுக்கு இடைப்பட்ட வெளியிலும் உலவ வல்லது. கருவியின் எண்ணுக்கும் மிடற்றின் ஓட்டத்திற்கும் உள்ள இப்பிணக்கே, கணிப்பொறியில் ஒலியெழுப்பும் மென்பொருள்களுக்குச் சுருதிக் கோப்பு எழுதும் இக்காலம் வரை தொடர்ந்து வருகின்றது. தமிழிசையில் எவ்வளவு எண்ணில் அடங்கும், எவ்வளவு அடங்காது என்பதே அறிஞர் பலரும் தத்தம் காலத்தில் எதிர்கொண்ட வினா.

எழு நரம்பின் எண்கள்

சிலப்பதிகார அரங்கேற்று காதை 14 நரம்பு யாழைப் பேசுகின்றது. அதற்கு எழுந்த உரை மரபில், ஏழு நரம்புகளுக்கும் உரிய அலகுகள் தெளிவாகக் கூறப்படுகின்றன: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. அலகினை மாத்திரை என்றும் வழங்குவர்.

அலகு, மாத்திரை என்னும் இவ்விரு சொற்களும் பாவலர்க்குப் புதியன அல்ல. அசையையும் சீரையும் அலகிட்டு வாய்பாடு கூறிவிட்ட அளவில் வெண்பாவின் செப்பலோசை கைவந்துவிடுவதில்லை என்பதைச் செய்யுள் இயற்றுவோர் அனைவரும் அறிவர். அலகிடுதல் ஓசையைச் சோதிக்கும், ஓசையைப் பிறப்பிக்காது. எழுத்தொலிக்கு மாத்திரை வகுத்த தொல்காப்பியரும், அவ்வளவைக் கடந்து ஒலிகள் நீண்டிசைப்பதை யாழ் நூலார்க்கு உரியது என நூன்மரபின் இறுதியில் ஒதுக்கிவிடுகின்றார். எண்ணின் எல்லையை அறிந்த இலக்கண ஆசிரியர் அவர்.

அலகுகள் ஏழும் எண்களாகக் கிடைத்துவிட்டன. இனி அவற்றை நரம்பில் வைப்பதே வேலை எனத் தோன்றும். ஆனால் முதல் அடியிலேயே வழி இரண்டாகப் பிரிகின்றது. துத்தத்திற்கு 4 அலகு என்றால், அந்நான்கு அலகும் குரலிலிருந்து துத்தம் வரை ஏறி வரும் தொலைவா, துத்தத்திலிருந்து கைக்கிளைக்குப் போகும் தொலைவா? முன்னதைக் கொண்டால், குரலிலிருந்து 4, 7, 9, 13, 16, 18 என்னும் அலகுகளில் ஏனை நரம்புகள் நிற்கும். அது இன்றைய அரிகாம்போதி. பின்னதைக் கொண்டால் 4, 8, 11, 13, 17, 20, அது கல்யாணி. இளி மட்டும் இரண்டிலும் 13ஆம் அலகில் அசையாது நிற்கின்றது. ஏழே எண்கள், படிக்கும் முறை மாறினால் பண்ணே மாறிவிடுகின்றது. செம்பாலை எது என்னும் நெடிய வழக்கின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கின்றது. ஆபிரகாம் பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் 1917ஆம் ஆண்டில் பிறந்து, பாடகராகவும் ஆய்வாளராகவும் விளங்கிய முனைவர் எஸ். இராமநாதன் அரிகாம்போதி என்றார். உரையின் எண்களை ஒரு பாடகர் தம் மிடற்றில் வைத்துப் பார்த்து எய்திய முடிவு என்பதனால் இராமநாதனின் கூற்றுக்குத் தனி வலிமை உண்டு.

அடுத்த வினா, அலகுகள் தம்முள் ஒத்த அளவினவா என்பது. இதனை விளக்க ஓர் அளவுகோல் வேண்டும். 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் அலெக்சாண்டர் எல்லிசு, ஒரு ஸ்தாயியை 1200 சம கூறுகளாக்கி ஒவ்வொன்றையும் சென்ட் என்று அழைத்தார். நம் பக்கத்து உழவர் நிலம் அளக்கும் சென்ட் வேறு, இது வேறு. ஆயினும் வரப்பு வழக்குகளுக்கு இதுவும் இடந்தந்தது. குரலுக்கும் இளிக்கும் உள்ள இயற்கை உறவு 2க்கு 3. சென்ட் கணக்கில் 702. அதாவது சட்சமமும் பஞ்சமமும் தம்புராவில் ஒன்றிக் கலக்கும் இடம். 22 அலகையும் சமமாக வெட்டினால் இளி 709இல் விழும். அந்த 7 சென்ட் வேறுபாட்டைத் தம்புரா காட்டிக் கொடுத்துவிடும். சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஒலிகள் மோதி அலைவதைப் பழகிய செவி உடனே உணரும். ஆகவே 22 என்போர் அவற்றைச் சமமற்றவை என்று கொள்கின்றனர்: 4 அலகு 204 சென்ட், 3 அலகு 182, 2 அலகு 112. இக்கணக்கில் ஏழு நரம்பும் கூடி 1200 வந்துவிடும். ஆனால் தனி அலகுகள் ஏறத்தாழ 22, 71, 90 என மூவகையாகப் போகும். சிற்றலகைப் போல் நான்கு மடங்கு பேரலகு! அளவுகோலின் கோடுகளே ஒத்திராதபோது, அதனை அளவு என்று எப்படி அழைப்பது?

தஞ்சையும் பரோடாவும்

இவ்வினாவைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்றவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் பிறந்து, ஆசிரியராகப் பணிபுரிந்து, பின் தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், அப்பொருளை இசைக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, தம் செலவில் இசை மாநாடுகளைத் தஞ்சையில் கூட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட 'கருணாமிர்த சாகரம்' 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் முடிபு துணிவானது. ஒரு ஸ்தாயிக்குரிய அலகுகள் 22 அல்ல, 24; அவை யாவும் சமம். வட்டப்பாலையில் விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்து இசைப்பதாலேயே 22 என்னும் எண் வந்தது. முன்னோர் இம்மறைப்பை வேண்டுமென்றே வைத்தனர் என்றார். குரலிலிருந்து இளி, அவ்விளியைக் குரலாக்கி அதன் இளி எனப் பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர வேண்டும் என்பது அவர் பற்றிய கொள்கை. இயற்கையான 702ஐப் பிடித்துக்கொண்டு சென்றால் பன்னிரண்டாம் அடியில் ஏறத்தாழ 23 சென்ட் மிகுந்துவிடும், வட்டம் மூடாது. 24 சம அலகில் இளி 14ஆம் அலகில், 700 சென்டில் நிற்கும்; வட்டம் மூடும். இழப்பு 2 சென்ட் மட்டுமே. முன்னோர் மறைத்து வைத்தனர் என்னும் கூற்றுக்குச் சான்று போதாது என்றே கொள்ள வேண்டும். உரையாசிரியர்கள் சொல்லாததைச் சொல்லவைக்கும் வேலை அதில் உண்டு. ஆனால் செவிக்கு ஒவ்வாத எண்ணைப் பழமை கருதி மட்டும் ஏற்பதில்லை என்ற அவருடைய உறுதி, அன்றைய ஆராய்ச்சி உலகில் அரிதாகக் காணப்பட்ட பண்பு.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பரோடா மன்னர் ஆதரவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. பண்டிதர் தம் மகளிர் மரகதவல்லி, கனகவல்லி ஆகியோருடன் அங்கே சென்றார். அம்மகளிர் பாடியும் இசைத்தும் தந்தையின் கொள்கையை விளக்கினர். அதே மாநாட்டில், பம்பாய் மாகாணத்து நீதிபதி கிளெமெண்ட்சும், ஓய்வுபெற்ற துணை ஆட்சியர் தேவலும் முயன்று இலண்டனில் செய்வித்த 22 சுருதி ஆர்மோனியமும் வைக்கப்பட்டது. அவையில் அதற்கு இசைவு கிட்டவில்லை. ஒரே கூடத்தில் ஒருபுறம் தந்தையின் கணக்கைத் தம் மிடற்றில் ஏந்திய தமிழ்ப் பெண்கள். மறுபுறம் கப்பலேறி வந்த கட்டைப்பெட்டி! வழக்கு அங்கே தீரவில்லை. தீர்வதற்கான கருவியும் அன்று இல்லை. இரு திறத்தாரின் எண்களையும் ஒரே குரலில், ஒரே வேளையில், மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து ஒப்பிட வழியில்லாததனால், ஒவ்வொருவரும் தத்தம் நூலையும் தத்தம் பாடகரையும் சான்றாகக் கொண்டு திரும்பினர்.

பின்னாளில் விபுலானந்த அடிகள் அறிவியல் பயின்ற அறிவோடு இதே துறையில் இறங்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ்நூல்' 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். மறைந்த யாழ்களைக் கணக்கின் வழியே மீட்க முயன்ற அந்நூலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

கட்டைகள்

நூலோர் அலகை எண்ணிக்கொண்டிருந்த வேளையில், ஊரார் செவியை ஆர்மோனியம் கைப்பற்றிக்கொண்டது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை, இரண்டு கட்டைக்கிடையே மாறாத 100 சென்ட். 1940ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971ஆம் ஆண்டில்தான் அவ்விலக்கு தளர்ந்தது. ஆனால் வானொலி விலக்கியதைக் கூத்து மேடை விலக்கவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வட்டாரத் தெருக்கூத்தில் ஆர்மோனியமும் முகவீணையும் அருகருகே நிற்கின்றன. ஒன்று கட்டைக்குக் கட்டை தாவும்; மற்றொன்று மூச்சாலும் விரலாலும் வழுக்கிச் செல்லும். கட்டியங்காரன் எத்தனைக் கட்டைச் சுருதியில் எடுக்க வேண்டும் என்பதை ஆர்மோனியம் முடிவு செய்கிறது. பாட்டு எப்படி அழ வேண்டும் என்பதை முகவீணை முடிவு செய்கிறது. கற்றோர் அவையில் தீராத வழக்கைக் கூத்தர் இவ்வாறு தீர்த்துக்கொண்டனர்.

வீணையிலும் இத்தகைய உடன்பாடு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் நிலைபெற்ற வீணைக்கு 24 மெட்டுகள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. எண் அங்கே நிற்கிறது. எண்ணில் இல்லாதது, நரம்பை இழுக்கும் விரலில் பிறக்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒரு மெட்டில் அசையாமல் நிறுத்தினால் காந்தாரம் ஒலிக்கும், தோடி ஒலிக்காது.

இவ்வகையில் வீணைக்கு உள்ள விரல் ஆர்மோனியத்திற்கு இல்லை. பின்வந்த மின்னணு கீபோர்டும் அதே பன்னிரண்டு கட்டைகளோடு வந்தது. இன்று இசை பயிலத் தொடங்கும் சிறுவர் பலருக்கு முதற்செவியைத் தருவது அக்கருவியே. பண்ணிசைக்கு இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. இளிக்கு 2 சென்ட் குறைந்தால் பெருங்கேடில்லை. ஆனால் அரிகாம்போதியின் கைக்கிளை இயற்கையில் 386, கட்டையில் 400. அந்த 14 சென்ட் கூர்மைக்குப் பழகிவிட்ட செவிக்கு, ஓதுவார் நிறுத்தும் கைக்கிளை தாழ்ந்துவிட்டது போலத் தோன்றக்கூடும்.

கோப்பு என்னும் ஏடு

1983ஆம் ஆண்டில் மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அம்மொழியில் கட்டைக்கு எண் உண்டு, 0 முதல் 127 வரை, அலகுக்கு இடமில்லை. 1992ஆம் ஆண்டில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் வேறாக அமைப்பதற்குரிய விதி அதனுடன் சேர்க்கப்பட்டது. இதற்கிடையே நெதர்லாந்து நாட்டவரான மானுவல் ஓப் டி கூல் ஸ்காலா என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் கோப்பு முறையே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. 2018ஆம் ஆண்டில் மூலநிரலுடன் பொதுவில் விடப்பட்ட சர்ஜ் போன்ற விலையில்லா மென்பொருள் சிந்தசைசர்களும் அதனைப் படிக்கின்றன. எளிய கணிப்பொறி ஒன்று இருந்தால் போதும். மாவட்டத் தலைநகருக்கும் போக வேண்டியதில்லை.

கோப்பின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. முதலில் ஒரு விளக்க வரி. அடுத்து எத்தனை ஒலிகள் என்னும் எண். பின் ஒவ்வொரு வரியிலும் ஓரொலி, சென்டாகவோ விகிதமாகவோ. குரல் எழுதப்படுவதில்லை, அது உளதெனக் கொள்ளப்படும். இறுதி வரி 2/1, அதாவது மேற்குரல். சென்ட் எண்ணில் புள்ளி இருந்தே ஆக வேண்டும். 702.0 என எழுதினால் இளி. புள்ளியை விட்டு 702 என எழுதினால் மென்பொருள் அதனை விகிதமாகக் கருதி, குரலின் 702 மடங்கு அதிர்வுக்குத் தாவிவிடும். ஓலைச்சுவடியில் எழுத்தாணி புள்ளி இடாது சென்றமையால் மெய் எது, உயிர்மெய் எது எனப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதிய துன்பமன்று.

மேலே கூறிய வழக்குகள் யாவும் இன்று இந்தக் கோப்பில் செவிக்கு வந்துவிடும். அலகை முன்தொலைவாகக் கொண்ட செம்பாலை ஒரு கோப்பு. பின்தொலைவாகக் கொண்டது மற்றொன்று. பண்டிதரின் 24 ஒன்று. சமமற்ற 22 ஒன்று. தம்புரா ஒலியைப் பின்னணியில் நிறுத்தி, ஒரே பாட்டை நான்கிலும் வாசித்துக் கேட்கலாம். பரோடாவில் கிட்டாத சோதனை இது. நடைமுறையில் ஓர் இடர் உண்டு. 22 அலகையும் கட்டைக்கு ஒன்றாக வைத்தால், 61 கட்டைக் கருவியில் மூன்று ஸ்தாயி கூட முழுமையாக அமையாது. குரலிலிருந்து மேற்குரலுக்கு ஒரு கை எட்டாது. ஆகவே பண்ணுக்கு வேண்டிய நரம்புகளை மட்டும் தேர்ந்து பன்னிரண்டு கட்டையில் அமைத்து, பண் மாறும்போது கோப்பையும் மாற்றுவதே தக்க வழி. பாணர் ஒரு பாலையிலிருந்து மற்றொன்றுக்கு நரம்பைத் திரித்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆயினும் நரம்புக்கு இடைப்பட்ட வெளி அப்படியே இருக்கின்றது. 2003ஆம் ஆண்டில் அரவிந்த் கிருஷ்ணசாமி, தென்னிந்திய இசைப் பதிவுகளைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, அசையாது நிற்கும் இடங்கள் பன்னிரண்டு என்றே கொள்ளத்தக்கவை, ஏனையவை கமகத்தின் ஓட்டம் என்னும் கருத்தை முன்வைத்தார். அவ்வாறாயின் 22ஆ 24ஆ என்னும் பூசல், ஆற்றுக்கு எத்தனை இடம் என்று எண்ணிய பூசலாகிவிடும். கட்டையை விட்டு, விரல் வழுக்கும் பரப்பின் மேல் இசைக்கும் கருவிகள் பக்கம் இசையமைப்பாளர் சிலர் சென்றது இக்காரணத்தாலேயே. ஏ. ஆர். ரகுமான் 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில்லி-6' படத்தில் ஹேக்கன் கண்டினூம் என்னும் அத்தகைய கருவியை வாசித்துள்ளார். 2018ஆம் ஆண்டில் மிடி மொழியிலும், ஒவ்வொரு விரலுக்கும் தனி இழுப்பு அளிக்கும் விதி ஏற்கப்பட்டது. மெழுகின்மேல் மெட்டு, மெட்டின்மேல் இழுக்கும் விரல் என்ற வீணையின் உடன்பாட்டிற்குக் கணிப்பொறியும் வந்து சேர்ந்திருக்கின்றது.

கோப்பு எழுதத் தொடங்குவார்க்குத் திருநாவலூரர் பதிகம் ஒன்று தக்க தொடக்கமாகும். தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்தது ஒரே பதிகம். கண்ணிழந்த நிலையில் திருவாரூரில் சுந்தரர் பாடியது. ஓதுவார் மரபில் அது மத்தியமாவதியாக ஒலிக்கின்றது. அதன் ஐந்து சுரங்களும் ஒரே குரல்–இளிச் சங்கிலியில் பிறப்பவை: நிடாதத்தின் இளி மத்திமம், மத்திமத்தின் இளி சட்சமம், சட்சமத்தின் இளி பஞ்சமம், பஞ்சமத்தின் இளி ரிடபம். ஆதலின் இங்கே பண்டிதரின் 24க்கும் இயற்கை விகிதத்திற்கும் வேறுபாடு எவ்விடத்தும் 4 சென்டைத் தாண்டாது. சமமாக வெட்டிய 22 மட்டும் 14 வரை விலகும். ரிடபமும் நிடாதமும் ஓதுவார் மிடற்றில் அசைந்தே வரும். அவ்வசைவை இழுப்புச் சக்கரத்தில் இடக்கை தர வேண்டும். கோப்பில் எண்வரிகள் ஐந்தே: 203.91, 498.045, 701.955, 996.09, 2/1.